காலின் மேல் போட்ட பழி

ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மனைவி தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு பிடி அரிசி மாவை எடுத்துக்கொண்டு போய் எங்கள் காரின் பிரேக் பெடல் மேல் தூவினேன். எழுபத்திரண்டு வயதில், முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் செய்கிற வேலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் செய்தேன். எதற்காக என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவிக்கு அறுபத்து நான்கு வயது. ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரின் கடைசி மகள். கடைக்கு வரும் நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று பன்னிரண்டு வயதிலேயே சொல்லிவிடுவாள் என்று அவளுடைய அக்கா இன்றும் பெருமை பேசுவார். அந்த அக்கா மல்லசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். முழங்கால் தேய்ந்து போனதால் பஸ் ஏற முடியாது. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைதோறும், அக்காவைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பஸ்ஸில் என்றால் இரண்டு மாற வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். வங்கிக்குப் போக வேண்டும் என்பேன், தேங்காய் போடுகிறவர் வருகிறார் என்பேன். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், கல்லூரிப் பெண்களோடு வரிசையில் நின்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் வாங்கியது இரண்டாவது தடவையில். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது ஆய்வாளரின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டேன். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடமாக இதை அவளிடம் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் அவளுடையவை ஆயின. யாரையும் கேட்கவேண்டியதில்லை. பத்து மணிக்குச் சாவியை எடுப்பாள், கண்ணாடியைத் திருத்துவாள், கிளம்பிவிடுவாள். முளைத்த வேலையெல்லாம் எனக்குத் தானாகக் காய்ந்துபோனதால், துணைக்கு என்ற பெயரில் நானும் ஏறிக்கொள்வேன்.

"லாரி வருது."

"தெரியுதுங்க."

"ஹாரன் அடி."

"அது எருமைங்க. ஹாரனுக்கெல்லாம் நவுராது."

எருமை விஷயத்தில் அவள் சொன்னது சரி. பொதுவாகவே எல்லா விஷயத்திலும் சரியாகத்தான் ஓட்டினாள். என்னால் பொறுக்க முடியாதது அதுதான். வாய் ஓய்ந்த பிறகு என் வலது கால் ஆரம்பிக்கும். எதிரில் ஒரு கோழி தென்பட்டால்கூட, பெடலே இல்லாத என் பக்கத்துத் தரையை மிதிக்கும். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டுகிற உரிமை போய்விட்டதால், வண்டியைப் பராமரிக்கும் உரிமையையாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தினமும் காலையில் பானட்டைத் தூக்கிவைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி நின்றுகொண்டிருப்பேன். அப்படி நின்ற ஒரு நாள், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். பிரேக் பேடு தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது இப்போது தெரியும். அன்று, ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியனின் மகிழ்ச்சி எனக்கு.

எங்கள் வீட்டுக்கு நான்காவது வீட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவர் இருக்கிறார். உறவுமுறையில் எனக்கு மாப்பிள்ளை. ரிக் வண்டி எங்கோ வடக்கே கிணறு தோண்டிக்கொண்டிருக்கும். அதற்கான ஹைட்ராலிக் ஆயில் மட்டும் பேரல் பேரலாக இங்கே வாசலில் நிற்கும். எங்கள் பக்கத்தில் கேட் கிரீச்சிட்டாலும் அதுதான், மோட்டார் முனகினாலும் அதுதான். முழங்கால் வலிக்குத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு.

"மாப்பிள்ளை, ஒரு டம்ளர் ஆயில் வேணும்."

"எதுக்குங்க மாமா?"

"கார் பிரேக்குக்கு."

"அதுக்கு வேற ஆயில் கடையில தருவாங்களே?"

"ஆயிரம் அடிப் பாறைய ஒடைக்கற வண்டிக்கு ஊத்தறது, ஒரு சின்னக் காரை நிறுத்தாதா?"

அவர் சிரித்தார். "நீங்க படிச்சவிங்க. தெரியாமயா சொல்லுவீங்க," என்று ஊற்றிக் கொடுத்தார்.

மூடிய குழாயில் உள்ள திரவம் தன்மேல் விழும் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும். இதை நான் எத்தனையோ வருடம் பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். திரவம் என்றுதானே விதி சொல்கிறது, எந்தத் திரவம் என்று சொல்லவில்லையே என்பது என் வாதம். டப்பா நிரம்பியது. மூடியின் மேல் எந்த வகை ஆயில் ஊற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. கேள்வியை இரண்டு முறை படியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன், அதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தொல்லை தொடங்கியது.

"ஏனுங்க, வண்டிய ஆரோ பின்னால கயிறு கட்டி இழுக்கறாப்பல இருக்குது."

"கியரை எறக்கு."

"எறக்கிப் பாத்துட்டனுங்க. கருகற வாசம் வேற வருது."

மல்லசமுத்திரம் போய் இறங்கியதும் முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தோசைக்கல் போல அனல் அடித்தது. பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோலப் புதைந்து போனது. ஆனால் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மூன்று மணிக்குக் கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்தது. சக்கரம் ஆறியிருந்தது, பெடல் நிமிர்ந்து நின்றது.

அக்காவின் முன்னால் நான் தீர்ப்புச் சொன்னேன். "பிரேக் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டறா. அதான் சூடாகுது."

"இல்லீங்க. தேவைக்குத்தான் வெக்கறேன்."

"உனக்கே தெரியாம வெப்பே. புதுசா ஓட்டறவங்க எல்லாரும் பண்றதுதான்."

எனக்கு உள்ளூர எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல மாதம் பக்கத்தில் உட்கார்ந்து தேடியும் கிடைக்காத குற்றம் கிடைத்துவிட்டது. அவள் ஒப்புக்கொள்ளாததுதான் குறை. எனவே அடுத்த வெள்ளிக்கிழமை மாவு.

போய்ச் சேர்ந்ததும் அக்காவின் வாசலிலேயே, "உன் வலது செருப்பைக் கழட்டித் திருப்பு பார்க்கலாம்," என்றேன். அடியில் வெள்ளையாக அப்பியிருந்தது.

"அட, மாவு!" என்றார் அக்கா.

"பெடல் மேல தூவி வெச்சிருந்தேன். இனி என்ன சொல்றே?"

என் மனைவி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோடு ஏறுவதற்குள் மூன்று தடவை பிரேக் பிடித்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை பிடித்தாலும் செருப்பில் மாவு ஒட்டும், யார் ஓட்டினாலும் ஒட்டும். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது என்பது தூவும்போதே எனக்குத் தெரியும். என் மாணவன் எவனாவது இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்திருந்தால் சுழியம் போட்டு, வகுப்பில் படித்துக் காட்டிச் சிரித்திருப்பேன். ஆனால் அவள் பத்தாவது வரை படித்தவள். நான் சோதனை என்று சொன்னால், அது சோதனைதான் என்று நம்புகிறவள்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். வீட்டில் இறங்கியதும் அவள் சாவியை என்னிடமே விட்டுவிட்டாள்.

"இனி நீங்களே ஓட்டுங்க. என்ற கால் மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலை முளைத்தது. அவள் போனில் அக்காவிடம், "அவருக்கு வேலையாமா. அடுத்த வாரம் பாக்கலாம்," என்று சொல்வது காதில் விழுந்தது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வண்டியை நான் மட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ராசிபுரம் போகும் வழியில் பட்டறை வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "காலிப்பர் பின்னு காஞ்சு கெடக்குதுங்க சார்," என்று, பிரேக் பேடைச் சக்கரத்துத் தட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தக் கருவியைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைத்தார். பெடலை மிதித்துப் பார்த்து, பைப்பில் காற்று இருந்தால் போகட்டும் என்று கொஞ்சம் ஆயிலைப் பீய்ச்சி வெளியேற்றினார். பிறகு கேட்டார், "ஆராச்சும் பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறாங்களாங்க?"

"ஊட்டுக்காரம்மா."

"அப்ப அதாத்தான் இருக்கும்," என்றார். நிபுணரின் சாட்சியமும் சேர்ந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து, வழக்கம்போலப் பானட்டைத் தூக்கி டப்பா மூடியைத் திறந்தேன். மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் இருக்கும். அது ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி வெளியே தொங்கியது. திரும்ப உள்ளே திணித்தால் போக மறுத்தது. அப்போதுதான் மூடி மேல் எழுதியிருந்ததை முதல் முறையாகப் படித்தேன். உடனே எல்லாம் புரிந்துவிட்டது. பிரேக்கின் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதிவிடும். இங்கேயே இப்படி என்றால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் என்ன கதியில் இருக்கும்?

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவைப் பற்றிச் சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரப்பரைக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி மூடிக்குள் அடக்கினேன். ஆபத்து என்று தெரியாதா என்றால், மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த வண்டியில்தான் அந்த வாரம் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். இதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

மல்லசமுத்திரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. இறக்கம். ஓரத்தில் மரவள்ளிக் கிழங்கைக் குவித்து வைத்து டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கருகல் வாசம் முன்பே வந்துவிட்டது, நான் சன்னலை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தேன். டெம்போ பின்னோக்கி நகர்ந்து ரோட்டுக்குக் குறுக்கே வந்தது. மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் மெதுவாக, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பெரிய மனிதரைப்போல, கிழங்குக் குவியலுக்குள் ஏறி நின்றது. பானட் மேல் கிழங்குகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன.

யாருக்கும் அடி இல்லை. குவியலின் மறுபக்கம் இருந்த பெண்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, கெழங்கு வேணுமுன்னா கேட்டா நாலு தர மாட்டமா? காரை உட்டா எடுக்கோணும்?"

"கவர்மெண்டு லைசென்சுங்களா, இல்லை நீங்களே எழுதிக்கிட்டதுங்களா?" என்றார் இன்னொருவர்.

என் மனைவி முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு மெல்லக் கேட்டாள்.

"உங்க கால் எங்க இருந்துச்சுங்க?"

அவர்களோடு சேர்ந்து நாங்களும் கிழங்கை அள்ளிப்போட்டு வழி பண்ணுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் சக்கரம் ஆறிவிட்டது. பெடலும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிமிர்ந்துவிட்டது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து நேராகப் பட்டறைக்குப் போனோம். இந்த முறை அவளும் கூட இருந்தாள்.

மெக்கானிக் முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அசையவில்லை. காலிப்பரின் பின்னால் ஆயில் வெளியேற்றுவதற்கு இருக்கிற நிப்பிளை ஸ்பேனர் போட்டு லேசாகத் திறந்தார். சர்ரென்று ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுற்றியது.

"காலிப்பர் மேல தப்பில்லீங்கக்கா. மிதிக்கும்போது உள்ள போற பிரஷர் திரும்பி வர வழியில்லாம நிக்குது. பேடு டிஸ்க்கை உடாம கவ்வுது, கவ்வுனா சூடு. சூடு ஏறி ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சாட்டப் போயிரும். ஆறுனா மறுபடி நல்லாயிரும். அதனாலதான் போன தடவை இங்க கொண்டாந்தப்ப ஒண்ணும் தெரியல."

"அப்ப கால் வெச்சதால இல்லியா?" என்றாள் அவள்.

"கால் வெச்சா, எடுத்ததும் உட்ரோணுமுல்லங்க. இங்க ஆரும் மிதிக்கலயே, அப்பவும் கவ்விட்டுதான இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மெக்கானிக் டப்பா மூடியைத் திறந்தார். கத்தரிக்கோல் பட்ட ரப்பர் பட்டென்று துள்ளி வெளியே வந்தது.

"இதென்னங்க, அப்பளமாட்டப் பொரிஞ்சு கெடக்குது?"

என் மனைவி எழுந்து வந்து டப்பாவில் விரலை நனைத்தாள். இடது புறங்கையில் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"தண்ணி ஊத்துப்பா."

ஊற்றினார். தண்ணீர் அவள் கைமேல் முத்து முத்தாக நின்றது.

"புதுசா ஒரு டப்பா ஒடை. அதுல ஒரு சொட்டு இந்தக் கையில உடு."

வலது புறங்கையில் விட்டார். தண்ணீர் ஊற்றினார். கழுவிக்கொண்டு சுத்தமாகப் போய்விட்டது.

"கலப்படம்," என்றாள். நெய்க்கடைக்காரர் மகளின் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நல்லது இது, கெட்டது இது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. என் சோதனையில் இல்லாதது அந்த இரண்டாவது கை.

அவள் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "போன தடவை நீதானப்பா தொறந்தது?"

அவர் முகம் செத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் எதையும் ஊத்துலீங்க. என்ற தொழிலுங்க இது."

எதிர்ச்சாரியில் ஒரு லாரி போய், அதன் புழுதி அடங்குகிற நேரம் வரைக்கும் சும்மா நின்றேன். பிறகு, "நான்தான்," என்றேன்.

"என்ன நீங்கதான்?"

"ரிக் ஆயில். மாப்பிள்ளை ஊட்டுல வாங்கி ஊத்துனேன்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏனுங்க சார், போர் போடற ஆயிலுங்களா? அதுக்குத்தான் வண்டி போற பக்கமெல்லாம் மண்ணுக்குள்ள எறங்கப் பாத்துச்சாட்டிருக்குது!"

அவர் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எப்பத் தெரியுமுங்க, ஆயில் தப்புன்னு?"

"இந்த வாரந்தான்."

"மாவு தூவறப்பத் தெரியாது?"

"தெரியாது. ஆனா மாவு..." சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அந்தக் கணத்திலும் தோன்றியது. "பிரேக் பிடிச்சா யார் செருப்புலயும் மாவு ஒட்டும். அது எனக்கு அப்பவே தெரியும்."

அவள் தன் இரண்டு புறங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆயில் தெரியாம ஊத்துனது. மாவு தெரிஞ்சே தூவுனது."

அவ்வளவுதான் சொன்னாள். சோப்பு வாங்கி இரண்டு கையையும் நிதானமாகக் கழுவினாள். மெக்கானிக் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "டீ சொல்லட்டுங்களாக்கா?" என்றார்.

மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் ரப்பர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றி, பைப்பை அலசி எடுத்து வண்டி வீட்டுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சாவியை அவள் பூ வைக்கிற கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். அவள் அதை ஒதுக்கிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறித்தான் மல்லசமுத்திரம் போனோம். மாவைத் தூவியது அக்காவின் வாசலில் கொண்டுபோய்ப் பழி போடுவதற்காக. ஆகவே ஒப்புக்கொள்வதும் அங்கேதான் என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். வாசலில் நின்றே முழுவதையும் சொன்னேன்.

அக்கா முழங்காலைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எந் தங்கச்சி கால் நல்லாத்தான் இருக்குதுங்களா மாப்பிள்ளை?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்ப உங்களுக்கு எங்கீங்க வியாதி?"

உள்ளே தண்ணீர் எடுக்கப் போன என் மனைவி சிரித்துவிட்டாள். சொம்பு கீழே விழுந்தது. அவ்வளவு சிரிப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சாவி அவள் கையில் இருந்தது. நான் ஏறலாமா என்று கேட்டேன். "ஏறுங்க," என்றாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை நான். லாரிக்கும் பேசவில்லை, எருமைக்கும் பேசவில்லை. நான் திருந்திவிட்டதாக எனக்கே ஒரு நிறைவு இருந்தது. கிழங்கு குவித்திருந்த அதே இறக்கத்தில் அவள் பிரேக் பிடித்தாள். கார் சொன்ன இடத்தில் நின்றது.

அக்கா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கி, கால் வெக்கற மேட்டைக் கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தேன். என் கால்கள் இருந்த கறுப்பு ரப்பர் விரிப்பில், இரண்டு கால் வைக்கிற இடத்திலும் அரிசி மாவு தூவியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. இடது பக்கத்தில் ஒரே ஒரு செருப்புத் தடம், அச்சு அச்சாக, கலையாமல் கிடந்தது. வலது பக்கத்தில் மாவே இல்லை. அடியில் ரப்பர் பளபளவென்று தெரியும்வரை தேய்ந்து துடைத்துப் போயிருந்தது.

"அக்கா," என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள் என் மனைவி, "சித்த வாசலுக்கு வா. முழங்கால் வலிச்சாலும் பரவால்ல, வந்து பாரு."